கறுப்பு மணலின் பெறுமதி

ஜெயபுரத்தில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் எனது கையில் நாளாந்தம் படுபவை வெள்ளைப் பெயின்ட் வாளியும் டைல்ஸ் பெட்டியும்தான். இவ்விரண்டுக்கும் தேவையான கனியங்கள் முல்லைத்தீவு எல்லையை ஒட்டிய புல்மோட்டைக் கடற்கரையில் மணலோடு மணலாகக் கிடக்கின்றன. மணலாகப் போகும்போது மலிவு, பெயின்டாக வரும்போது விலை. இடையில் நடப்பது என்னவென்று வியாபாரிகளும் மாணவர்களும் அறிந்திருப்பது நல்லது.

மணலைப் பிரிக்கும் முறை

புல்மோட்டை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகியன அதிகமாகவும் மொனசைட் சிறிதளவிலும் உண்டு. சாதாரண வெள்ளை மணலை விட இவை பாரமானவை. ஆகையால் அலை இலேசான மணலை அள்ளிச் செல்ல, இவை கரையில் தங்கிவிடுகின்றன. ஆலையிலும் இதே தத்துவந்தான். முதலில் நீரோட்டத்தில் பாரமானதைப் பிரிப்பார்கள். பின்னர் காந்தம் இல்மனைட்டை இழுத்தெடுக்கும். எஞ்சியதில் ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. அந்த வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பிரித்துவிடலாம்.

தைத்தேனியம்

இல்மனைட், ரூட்டைல் இரண்டிலும் இருப்பது தைத்தேனியம். உருக்கைப் போல உறுதியானது, ஆனால் பாரத்தில் உருக்கின் ஐந்தில் மூன்று பங்கே வரும். உப்புத் தண்ணீரிலும் துருப்பிடிக்காது. மனித உடலும் இதனை ஏற்றுக்கொள்ளும். எனவே விமான உதிரிப்பாகங்களுக்கும், முறிந்த எலும்பில் பொருத்தும் தகடு, திருகாணிகளுக்கும் பயன்படுகிறது. ஆயினும் உலகில் தோண்டப்படும் தைத்தேனியக் கனியத்தில் பெரும்பங்கு உலோகமாவதில்லை. அது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெள்ளைத் தூளாகிப் பெயின்ட், பிளாஸ்டிக், கடதாசி ஆகியவற்றில் சேருகிறது.

சிர்க்கோனியம்

1789 இல் ஜெர்மனிய இரசாயனவியலாளர் கிளாப்ரோத் சிர்க்கோனியம் என்ற மூலகத்தைக் கண்டறிந்தது இலங்கையிலிருந்து சென்ற சிர்கோன் கல்லிலாகும். மாணிக்க வியாபாரிகள் ‘மாத்தறை வைரம்’ என்பதும் நிறமற்ற சிர்கோன் கல்லைத்தான். டைல்ஸின் வெண்மைக்கும் மினுக்கத்துக்கும் சிர்கோன் தூள் உதவுகிறது. சிர்க்கோனிய உலோகம் நியூத்திரன்களை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே அணு உலைகளில் எரிபொருளை அடைக்கும் குழாய்களை இதன் கலப்புலோகத்தில் செய்கிறார்கள்.

மொனசைட்

மின்சாரமில்லாத காலத்தில் பெற்றோமக்ஸ் கொளுத்தியவர்களுக்கு மென்டில் நினைவிருக்கும். அந்த வெள்ளொளிக்குக் காரணம் தோரியம் ஒட்சைட்டும் சிறிதளவு சீரியமும். பிற்காலத்தில் பல கம்பனிகள் தோரியத்தைக் கைவிட்டன, ஏனெனில் அது கதிர்வீச்சுள்ளது. தோரியமும் சீரியமும் மொனசைட்டில் உள்ளன. அதிலுள்ள நியோடிமியம் இன்று கையடக்கத் தொலைபேசி ஒலிபெருக்கி முதல் மின்சாரக் கார் மோட்டார் வரை பலமான காந்தமாகப் பயன்படுகிறது.

இந்த மொனசைட்டின் வியாபார வரலாறு சுவையானது. 1909 இல் தென்னிந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போன தும்புக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோம்பேர்க் என்ற ஜெர்மனியர் ஆராய்ந்து மொனசைட்டைக் கண்டார். பின்னர் கன்னியாகுமரிப் பக்கத்து மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. கயிறு விற்றவர்களுக்கு மணலின் பெறுமதி தெரியவில்லை, வாங்கிய நாட்டவருக்குத் தெரிந்தது. அறிவுதான் முதல் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

இலாபம் எங்கே?

கேரளாவில் கொல்லத்தை அடுத்த சவற ஆலை அதே வகை மணலிலிருந்து வெள்ளைத் தூளும், 2011 முதல் விண்வெளித் துறைக்கான தைத்தேனியமும் தயாரிக்கிறது. நாமோ 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை அமைத்தும், இன்றளவும் பெரும்பாலும் பிரித்த மணலையே கப்பலேற்றுகிறோம். நெல்லை விற்று அரிசியை வாங்குபவனின் கணக்குத்தான் இது. ஆனால் இவ்வாலைகளுக்குப் பெருமளவு மின்சாரமும் நீரும் வேண்டும், அமிலக் கழிவையும் ஒழுங்காக அகற்ற வேண்டும். ஆலை கேட்பவர்கள் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

காணி வைத்திருப்போர் கவனத்துக்கு

2025 இல் மன்னார் மக்கள் கனிய மணல் அகழ்வுக்கெதிராக வீதியில் இறங்கியதை அறிவோம். மணலுக்காகக் காணி கேட்டு எவரேனும் வந்தால் அவசரப்பட்டு முற்பணம் வாங்காதீர்கள். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி நிலத்திலுள்ள கனியம் அரசுக்கே உரியது. அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆதலால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் எங்கே? தோண்டிய குழியை மூடுவது யார் பொறுப்பு? கிணற்று நீர் உவரானால் யார் பதில் சொல்வது? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராதவரோடு, விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கொடுக்கல் வாங்கல் வேண்டாம்.