பிள்ளையின் சைக்கிள் நிற்கிறதா? பிரேக்கைப் பற்றி ஒரு பாடம்



கடந்த ஐப்பசி மழையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த பிளஸ் ஒன் மாணவி ஒருவர் தென்கரைப் பக்கமிருந்து வைகைப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். பாலத்தைத் தாண்டி இறங்கும்போது சைக்கிளை நிறுத்த முடியாமல், ஓரமாக நின்றிருந்த சரக்கு வண்டியின் பின்புறத்தில் மோதிவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அரையாண்டுத் தேர்வை அந்தப் பிள்ளையால் எழுத முடியவில்லை. சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நம் டிரஸ்ட் ஏற்றுக்கொண்டது. பார்க்கப் போனபோது அவருடைய அத்தா சொன்னார்: "பிரேக் இருந்துச்சு பாய், பிடிக்கத்தான் இல்லை."

அந்தச் சைக்கிளை வாங்கிப் பார்த்தோம். பிரேக் கட்டை கண்ணாடி போல இறுகி மினுங்கிக்கொண்டிருந்தது. வயர் துருப்பிடித்திருந்தது. செயினுக்கு ஊற்றிய தேங்காய் எண்ணெய் ரிம் வரை வழிந்திருந்தது. புதுக் கட்டை ஒரு ஜோடியின் விலை, வீட்டில் நாலு பேர் டீயும் வடையும் சாப்பிடும் காசு. நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், கட்டணம் கட்டினோம். இந்தச் சைக்கிள் நிற்குமா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்த மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிப்பவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிய திட்டம், பின்னர் மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. இன்று நம் தெருக்களில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. கொடுப்பது அரசின் வேலை. கொடுத்ததைப் பேணுவது நம் வேலை.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

நம் சைக்கிள்களில் இரண்டு வகை பிரேக் உண்டு. பழைய பெரிய சைக்கிள்களில் இருப்பது கம்பி பிரேக். லிவரைப் பிடித்தால் கம்பி இழுபட்டு, ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் அழுந்தும். மற்றது வயர் பிரேக். இதில் கட்டைகள் ரிம்மின் இரு பக்கவாட்டிலும் கவ்வும். இரண்டிலும் வேலை ஒன்றுதான். கை கொடுக்கும் விசை கட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டையும் ரிம்மும் உராய வேண்டும். "இன்னும் அழுத்திப் பிடி" என்று பிள்ளையிடம் சொல்லுகிறோமே, அதனால் பெரிய பலன் இல்லை. கையின் பலம் வழியிலேயே வீணாகிறது என்றால் எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பாறை மேல் தாவுகிறவர்கள் சொல்லித் தரும் பாடம்

ட்ரையல்ஸ் என்றொரு சைக்கிள் விளையாட்டு வெளிநாடுகளில் உண்டு. நம் பையன்கள் செல்போனில் பார்த்திருப்பார்கள். கால் தரையில் படாமல் பாறை, சுவர், மரக்கட்டை என்று தாவித் தாவி ஓட்டுவார்கள். ஒரு விரலால் பிடித்தாலும் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ள வேண்டும். நழுவினால் ஆள் கீழே. அதற்காக அவர்கள் மூன்று காரியம் செய்கிறார்கள்.

முதலாவது, விசை வழியில் வீணாகாமல் பார்ப்பது. அவர்களில் பலர் வயருக்குப் பதிலாகக் குழாயில் அடைத்த எண்ணெய் மூலம் விசையைக் கடத்தும் பிரேக்கை வைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் மகுரா நிறுவனம் செய்யும் ரிம் பிரேக் இதில் பெயர் பெற்றது.

இரண்டாவது, பிரேக்கின் கைகள் விரிந்து கொடுக்காமல் பார்ப்பது. அழுத்தும்போது சட்டம் வெளிப்பக்கம் வளைந்தால் விசையில் ஒரு பங்கு அந்த வளைவுக்கே போய்விடும். ஆகவே லாட வடிவில் ஒரு தகட்டை இரு பக்கத்தையும் இணைத்து முடுக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது, உராயும் பரப்பைச் சொரசொரப்பாக்குவது. அலுமினிய ரிம்மின் பக்கங்களை கிரைண்டரால் லேசாகக் கீறிவிடுகிறார்கள்.

பிள்ளைகளே, இந்த மூன்றாவதை மட்டும் உங்கள் சைக்கிளில் செய்து பார்க்க வேண்டாம். நம் சைக்கிள்களில் பெரும்பாலும் இரும்பு ரிம். கீறினால் மேல் பூச்சு போய்த் துருப்பிடிக்கும், தகடும் மெலியும். வேகத்தில் போகும்போது முன்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படுவார். அவர்கள் நின்ற இடத்தில் தாவுகிறவர்கள். நாம் சாலையில் போகிறவர்கள். ஆனால் அவர்கள் கவனிக்கும் அந்த மூன்று இடங்களை நாமும் கவனிக்கலாம்.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

வயர்: லிவரைப் பிடித்து விட்டால் உடனே திரும்பி வர வேண்டும். மெதுவாக வந்தால் உள்ளே துரு. ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். வயரில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழு வயரையும் மாற்றுங்கள். முழுதாகப் பிடித்தாலும் லிவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. தொட்டால் வயரை இழுத்து முடுக்க வேண்டும்.

நட்டுகள்: பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். பிரேக் ஆடினால் நட்டு தளர்ந்திருக்கிறது. ரிம்மில் பெண்டு இருந்தால் கட்டையை இரு பக்கமும் நெருக்கி வைக்க முடியாது. முதலில் கடையில் கொடுத்துப் பெண்டு எடுங்கள். பிறகு கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே 2 மில்லிமீட்டர் அளவு இடைவெளி போதும்.

கட்டையும் ரிம்மும்: கட்டை முழுதாக ரிம்மின் மேல்தான் அழுந்த வேண்டும். டயரில் பட்டால் டயர் கிழியும். கீழே இறங்கியிருந்தால் ஸ்போக்ஸில் சிக்கும். இறுகி மினுங்கும் கட்டையை உப்புத்தாளில் தேய்த்துப் புது ரப்பரை வெளியே கொண்டு வாருங்கள். அதில் புதைந்திருக்கும் மணலையும் இரும்புத் துகளையும் ஊக்கால் எடுத்துவிடுங்கள். ரிம்மை சோப்புத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். வயர் பிரேக்கில் கட்டையின் கூடு ஒரு பக்கம் திறந்திருந்தால், மூடிய பக்கம் சைக்கிளின் முன்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

மழைக்காலத்தில்

நனைந்த இரும்பு ரிம்மில் நிற்கும் தூரம் பல மடங்காகும். ஆகவே இறக்கத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து, கட்டையாலேயே ரிம்மின் தண்ணீரை வழித்துவிட வேண்டும்; பிறகுதான் அது கவ்வும். ஒரு சிறு கணக்கும் சொல்கிறோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு விநாடியில் 4 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. பிள்ளை பயந்து பிரேக்கைத் தேடும் நேரம் அது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். கேரியரில் தம்பியையோ தங்கையையோ ஏற்றிக்கொண்டால் இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை இன்னும் கூடும்.

லிவரின் நுனிப் பக்கத்தில் பிடிக்கப் பழக்குங்கள். அங்கேதான் குறைந்த பலத்தில் அதிக விசை கிடைக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். "முன் பிரேக்கைத் தொடாதே" என்று நாம் பயமுறுத்துவதால் பல பிள்ளைகள் பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுகிறார்கள். உண்மையில் நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன் பிரேக்கிடம் இருக்கிறது. நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்துக்கு நகர்வதே காரணம். திடீரென்று இறுக்காமல், கூட்டிக் கூட்டிப் பிடிக்கப் பழக வேண்டும்.

தவக்குல் வைப்பவர் ஒட்டகத்தையும் கட்டிவைக்க வேண்டும் என்று மதரஸாவில் படித்த நாம், பிள்ளையின் பிரேக்கைப் பார்க்காமல் ஸலாம் சொல்லி அனுப்பிவைக்கிறோம். இனி வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மாலையில் பத்து நிமிடம் ஒதுக்குவோம். அத்தா வெளிநாட்டில் இருந்தால் அம்மாவோ, அண்ணனோ, மாமாவோ பார்க்கட்டும். புதுக் கட்டையும் வயரும் வாங்க வசதியில்லாத வீட்டார் டிரஸ்ட் அலுவலகத்தில் தயங்காமல் சொல்லுங்கள். விவரம் நம்மோடு மட்டும் இருக்கும். மேலே சொன்ன மாணவியின் சைக்கிளுக்கும் கட்டையும் வயரும் மாற்றியாயிற்று. கட்டுப் பிரித்த பிறகு, இப்போது மீண்டும் அதே பாலத்தின் வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறார்.