லாச்சியில் கிடந்த காசோலை
கைப்பணித் தொழிலைச் சட்டப்படி தொடங்குவது எப்படி?



இந்தப் பாடத்தை, என் கடை மேசை லாச்சியில் ஐந்து வாரம் கிடந்த ஒரு காசோலையிலிருந்து தொடங்குகிறேன்.

தம்புள்ளையில் சிறியதொரு கைப்பணிப் பொருள் கடை வைத்திருக்கிறேன். 1982இல் சீகிரியாவும் 1991இல் தம்புள்ளைக் குகை விகாரையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு எங்கள் பாதையில் உல்லாசப் பயணிகளுக்குக் குறைவில்லை. நான் முக்கியமாக விற்பது அரக்கு வேலைப் பொருட்கள். நமது மாத்தளை மாவட்டத்துப் பல்லேஹப்புவித்த கிராமத்துக் கைவினைஞர்கள் அரக்கைச் சூடாக்கி, மெல்லிய நூலாக இழுத்து, விரல் நகத்தால் அழுத்தி மரத்தில் கோலமிடுவார்கள். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலில் பதிவு செய்த பழமையான கலை இது.

2016இல் ஒரு ஹோட்டல் தன் அறைகளுக்காக 120 சிறிய அரக்குப் பெட்டிகள் கேட்டது. இரண்டு குடும்பங்கள் இரவு பகலாக வேலை செய்து முடித்தார்கள். பொருளைக் கொடுத்தேன். என் கடைப் பலகையில் இருந்த பெயருக்குக் குறுக்குக் கோடிட்ட காசோலை வந்தது. சந்தோஷமாக வங்கிக்குக் கொண்டுபோனேன். "இந்தப் பெயரில் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை. "வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் இன்றே கணக்குத் திறக்கலாம்" என்றார்கள். அதுவும் இல்லை. பலகை தொங்கி ஏழு வருடம். பதிவு செய்ய ஒரு நாள் ஒதுக்கவில்லை.

கிராமத்திலிருந்து முதியவர் இரண்டு தடவை வந்தார். "முதலாளி, மழைக்கு முதல் கூரைக்குத் தகரம் வாங்க வேணும்" என்றார். காசோலையைக் காட்டினால் அவர் கூரைக்குத் தகரம் வருமா? கடைசியில் மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கூலியைக் கொடுத்தேன். ஹோட்டலின் அடுத்த கட்டளை, ஆவணம் ஒழுங்காக வைத்திருந்த இன்னொருவருக்குப் போனது. ஹோட்டலிலும் பிழையில்லை, வங்கியிலும் பிழையில்லை. பிழை என்னுடையது. நம் பத்திரம் இல்லாவிட்டால், முதலில் அடிபடுவது நம்மை நம்பி வேலை செய்த கை என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

முதற் படி: பெயர்

உங்கள் சொந்த முழுப் பெயரில் அல்லாமல் வேறு பெயரில் தொழில் செய்தால் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். 1918ஆம் ஆண்டு வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்தே உள்ள விதி இது. தனியாள் வியாபாரத்தையும் பங்குடைமையையும் உங்கள் பிரதேச செயலகத்திலேயே பதியலாம். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

சகோதரர்கள் சேர்ந்து தொழில் செய்வது நம்மிடையே வழமை. வாய்ப் பேச்சை நம்பி முதல் போடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலுள்ள பங்குடைமை எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். இன்று 1,000 ரூபாவுக்குக் கீழ் எந்தப் பங்குடைமை இருக்கிறது? யாருக்கு எவ்வளவு முதல், யாருக்கு எவ்வளவு இலாபம், ஒருவர் விலகினால் என்ன என்பதை எழுதி வையுங்கள். தொழில் வளர்ந்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாக மாறலாம். ஒரேயொரு பங்குதாரருடனும் அதைத் தொடங்கலாம்.

பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் வங்கியில் வியாபாரப் பெயரில் நடைமுறைக் கணக்கைத் திறவுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி அடையாள இலக்கம் எடுங்கள். இலக்கம் எடுத்தவுடனேயே வரி கட்ட வேண்டும் என்று பயந்து ஒளிபவர்கள் நம்மில் பலர். இலக்கம் எடுப்பது வேறு, வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் வருவது வேறு.

இரண்டாம் படி: இடமும் மூலப்பொருளும்

கடைக்கோ பட்டறைக்கோ மாநகர சபையில் அல்லது பிரதேச சபையில் அனுமதிப்பத்திரமும் வரியும் உண்டு. இயந்திரம் வைத்து மரவேலை செய்பவர்களும் சாயக் கழிவுநீர் வெளியேற்றும் பத்திக் தொழிலாளர்களும், சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவையா என்று தொடங்குமுன் கேட்டறியுங்கள். அயலவர் முறைப்பாடு செய்த பின் கேட்பதில் பயனில்லை.

மரம் வாங்கும்போது பற்றுச்சீட்டு வாங்கிக் கோவையில் போடுங்கள். யானைத் தந்தம், ஆமை ஓடு போன்றவற்றால் செய்த பொருளைக் கடைக்குள்ளேயே எடுக்காதீர்கள். வாங்கிய பயணி விமான நிலையத்தில் பிடிபட்டால், எங்கே வாங்கினாய் என்ற கேள்வி உங்கள் வாசலுக்கு வரும்.

மூன்றாம் படி: கைவினைஞர்

1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய அருங்கலைகள் பேரவை இயங்குகிறது. லக்சல எனப்படும் கைப்பணிச் சபையும் தேசிய வடிவமைப்பு நிலையமும் அதே சட்டத்தின் கீழ் வந்தவையே. உங்களுக்கு வேலை செய்யும் கைவினைஞரைப் பேரவையில் பதிவு செய்ய உதவுங்கள். பயிற்சி, கண்காட்சி, 'சில்ப அபிமானி' போட்டி என்று அவருக்கு வாசல்கள் திறக்கும். அவர் பெயர் உயர்ந்தால் உங்கள் பொருளின் விலையும் உயரும்.

உங்கள் பட்டறையில் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியரிடமிருந்து 8 சதவீதம், உங்களிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். எண்ணிக்கைக் கூலி என்பதற்காக இதைத் தவிர்க்க முடியாது. தம் வீட்டில் தம் கருவியால் செய்து பலருக்கும் விற்கும் கைவினைஞர் வேறு. அவர் உங்களுக்குப் பொருள் வழங்குநர். யார் எந்த வகை என்பதை முதலிலேயே தெளிவாக்குங்கள்.

நான்காம் படி: விலை

நம்மவர்கள் பலர் மூலப்பொருள் விலையை இரண்டால் பெருக்கி விலை வைக்கிறார்கள். அது கணக்கல்ல. ஒரு பெட்டியை உதாரணமாகப் பாருங்கள்:

மரமும் அரக்கும் 500 ரூபா. ஆறு மணி நேர வேலை, மணிக்கு 200 வீதம் 1,200. பொதி 80. போக்குவரத்து 70. வாடகை, மின்சாரத்தில் பங்கு 150. மொத்தம் 2,000. உடைவுக்கும் பழுதுக்கும் 5 சதவீதம் சேர்த்தால் 2,100. அதன்மேல் 20 சதவீத இலாபம் 420. ஆக 2,520 ரூபா.

இங்கேதான் தம்புள்ளைக் கடைக்காரர் சறுக்குகிறார். பயணியை அழைத்து வருபவருக்கு 20 சதவீதம் கமிஷன் கொடுக்கும் கடை 2,520க்கே விற்றால், கமிஷனாக 504 போய்விடும். இலாபம் 420தான். பெட்டிக்கு 84 ரூபா நட்டம். நிறைய விற்றும் கையில் ஒன்றுமில்லை என்று புலம்புவோரின் கதை இதுதான். கமிஷன் கொடுப்பதென்றால் விலை 3,150 ஆக இருக்க வேண்டும். அதில் 630 போனாலும் 2,520 உங்களிடம் நிற்கும். அந்த விலைக்குப் போகாது என்றால் கமிஷனைக் குறையுங்கள் அல்லது நேரடியாக விற்க வழி தேடுங்கள். கைவினைஞரின் 1,200இல் மட்டும் கை வைக்காதீர்கள். அவர் அந்த வேலையை விட்டுவிட்டால் நாளை விற்க உங்களிடம் பொருளே இருக்காது.

ஐந்தாம் படி: எழுத்து

1999இல் ஆரம்பித்த நமது பொருளாதார மத்திய நிலையத்தில் லொறிக் கணக்கில் மரக்கறி வாய்ப் பேச்சிலேயே கைமாறுகிறது. பொருள் கண்முன் இருக்கிறது, விலை அன்றைய விலை, காசு கைக்குக் கை. கைப்பணியில் அப்படியில்லை. இன்று பேசி, இரண்டு மாதம் கழித்துச் செய்து கொடுக்கும் வியாபாரம் இது. ஆகவே ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தாள் எழுதுங்கள். அளவு, நிறம், எண்ணிக்கை, விலை, முற்பணம், கொடுக்கும் திகதி, உடைந்தால் யார் பொறுப்பு, காசோலை எந்தப் பெயருக்கு. ஒரே மாதிரி இரண்டு செய்து, ஒன்றை வாங்குபவரிடம் கொடுத்து மற்றதை நீங்கள் வையுங்கள். மாதிரி காட்டி விற்ற பொருள் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். கைவினையில் சிறு வேறுபாடு இயல்பு; எவ்வளவு வேறுபாடு ஏற்கத்தக்கது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: பாதுகாப்பு

வியாபாரப் பெயரைப் பதிந்ததால் அந்தப் பெயர் உங்கள் சொத்தாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வர்த்தகச் சின்னமாகப் பதிய வேண்டும். 10 வருடம் செல்லும், மீண்டும் புதுப்பிக்கலாம். புதிய வடிவமைப்பையும் பதியலாம். அது 5 வருடம். மேலும் இரண்டு தடவை புதுப்பிக்கலாம். வெளியிட்டுப் பழகிய பின் அது புதிய வடிவமைப்பு ஆகாது. ஆகவே சந்தைக்கு விடுமுன் ஆலோசனை பெறுங்கள். பல்லேஹப்புவித்த மக்களின் பரம்பரைக் கோலங்களை மட்டும் உங்கள் வடிவமைப்பு என்று பதியப் போகாதீர்கள். அது அவர்களுடையது.

சகோதரர்களே, இவ்வளவும் ஒரே நாளில் ஆகாது. நான் பெயரைப் பதிந்து, கணக்குத் திறந்து, அந்தக் காசோலையை மாற்றியபோது ஐந்து வாரம் கடந்திருந்தது. கட்டளை கிடைக்குமுன் செய்திருந்தால், அந்த முதியவரின் கூரைக்கு மழைக்கு முதலே தகரம் ஏறியிருக்கும்.

உங்கள் கடைப் பலகையை இன்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அதிலுள்ள பெயருக்குக் காசோலை வந்தால் மாற்ற முடியுமா? முடியாது என்றால், நாளைக் காலை முதல் வேலையாகக் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.