எல்லையோரத்துப் பிள்ளையின் படிப்பு

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். வாசிக்கத் தடுமாறுகிறாள். குமரி மாவட்டப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
- ஒரு தாய், பனச்சமூடு

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. பக்கத்து நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அன்றிலிருந்தே இந்தச் சிக்கல் உண்டு.

அவள் நோட்டைத் திறந்து பாருங்கள். தமிழில் ஒரே 'த'. மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்துகள். 'கதை' என்பதற்கு அவர்கள் இரண்டாவதை எழுதுவார்கள், உங்கள் மகள் முதலாவதைப் போட்டிருப்பாள். இது மந்தம் அல்லவே அல்ல. காது பழகாததால் வரும் பிழை. அந்த எழுத்துகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி தரச்சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் தமிழ்க் கதை வாசிப்பதை நிறுத்தாதீர்கள். ஒரு மொழியில் புரிந்து வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாகும்.

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350ஏ பிரிவு. அருகில் தமிழ் வகுப்பு உண்டா என்று உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மாற்றியே தீரவேண்டுமென்றால் நான்காம் வகுப்புத் தொடக்கத்தில் மாற்றுங்கள். கேரளத்தில் எல்.பி. பள்ளி நான்கோடு முடியும். தமிழகத்தில் தொடக்கப் பள்ளி ஐந்து வரை. எல்.பி. முடியும்வரை காத்திராமல் நான்கிலேயே மாற்றினால், ஆறாம் வகுப்புக்கு முன் பழகிக்கொள்ள அவளுக்கு இரண்டு ஆண்டுகள் கிடைக்கும்.