சனிக்கிழமைப் படகு

குன்றக்குடி

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

லீவுக்கு வந்திருந்தபோது தட்டில் நெத்திலியைப் பார்த்து முகம் சுளித்தாயே, நினைவிருக்கிறதா? பங்குனி உத்திர விரதம் முடிந்து வீட்டில் மீன்சட்டி ஏறுவதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. மறுநாளே தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்க விட்ட அவகாசம் அது. 2017க்கு முன் 45 நாள்தான். நாட்டுப்படகுக்குத் தடையில்லை என்பதால் உனக்கு நெத்திலியாவது கிடைத்தது.

நம் மலையடிவாரத்தில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் காரைக்குடி மார்க்கெட்டுக்குத் தொண்டியும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் பக்கம்தான். அந்த ஊர்களில் கிழமைக்கே வேறு கணக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகின் இழுவைமடி போகிற வழியில் நாட்டுப்படகின் சிறு வலைகளை அறுத்துக்கொண்டு போனதால் வந்த சண்டை, கடைசியில் நாளைப் பங்கிட்டுத்தான் அடங்கியது. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலை கரைக்கு வரும். நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அந்தக் கணக்கில் கொதிக்கிறது.

தடைக்காலத்தில் படகு கட்டிக்கிடந்தால் ஊரே சும்மா கிடக்கும் என்று நினைத்துவிடாதே. ஐஸ் கம்பெனியும் லோடு வண்டியும் தூங்கும், சரி. தச்சருக்கும் மெக்கானிக்குக்கும் அதுதான் அறுவடைக் காலம். பலகை மாற்றுவது, என்ஜினைப் பிரிப்பது, பெயின்ட் அடிப்பது, மரநிழலில் உட்கார்ந்து வலை பொத்துவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். அதற்கான பணம் பெரும்பாலும் வியாபாரி கொடுத்த முன்பணம். வாங்கியவர் மீனை அந்த வியாபாரியிடம்தான் போட வேண்டும். விலையும் அவர் சொல்வதுதான். கடலுக்குப் போகிறவனுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதில் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. மிஞ்சாத நாளில் பங்கும் இல்லை.

தரம் பிரிப்பது, கருவாடு காயப்போடுவது, கூடையோடு பஸ் ஏறுவது பெண்கள் பாடு. சங்காயம் என்கிற விலைபோகாத மீன் தூளாகிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மீனே ஆகாது, முட்டை மட்டும் சாப்பிடுவேன் என்கிற உன் பெரியம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

ஒரு படகை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் மொத்தத் துறைமுகமும் வேலைநிறுத்தம் செய்யும். நம் பேப்பரில் பாதிக் கதைதான் வரும். இழுவைமடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. நம் இழுவைமடியில் அங்கே அறுபடும் வலைகள் அக்கரைத் தமிழர்களுடையவை. இங்கே நாளைப் பங்கிட்டுத் தீர்த்த அதே வழக்கு, அங்கே தீராமல் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

தடை முடிந்து வருகிற இரண்டாவது ஞாயிறு கோட்டைப்பட்டினம் போகலாம். ஏலம் இருட்டோடு தொடங்கிவிடும், முதல் நாளே வந்துவிடு. பழைய சட்டையாகப் போட்டுக்கொள்.

உன் மாமா