கூரைத் திருத்தம்: மதிப்பீட்டுக்குச் சம்மதிப்பதற்கு முன்

நீண்ட காலத்தின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய பலர், சுவர்கள் மட்டும் நிற்கும் வீட்டையே கண்டார்கள். சிலருக்கு ஓடு இல்லை. சிலருக்குக் கைமரமும் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த அவசரத்தில்தான் ஒப்பந்தகாரர் சொல்லும் தொகைக்கு யோசிக்காமல் தலையாட்டி விடுகிறோம்.

உதவிப் பணம் ஒரு முறைதான் கிடைக்கும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012 ஒக்ரோபரில் ஆரம்பித்த கட்டத்தின்படி, புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. பணம் பயனாளிகளின் வங்கிக் கணக்குக்கே, வேலை முன்னேறும் அளவுக்கேற்பக் கட்டம் கட்டமாக வந்தது. வேலையாளைத் தெரிவதும் விலை பேசுவதும் நீங்களே. ஆகவே மதிப்பீட்டை எடைபோடும் பொறுப்பும் உங்களுடையதே.

இந்தப் பாடத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: மதிப்பீட்டின் அடியில் உள்ள மொத்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்று பாருங்கள்.

1. முதலில் நீங்கள் அளந்துகொள்ளுங்கள்

நிலத்தின் அளவு வேறு, கூரையின் அளவு வேறு. 25 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள வீட்டின் நிலம் 500 சதுர அடி. ஆனால் கூரை சரிவானது. சுவருக்கு வெளியே தாவாரமும் நீண்டிருக்கும். நான்கு பக்கமும் 2 அடி தாவாரம் விட்டால், கூரையின் நீளம் 29 அடி. முகட்டிலிருந்து தாவார நுனி வரை சரிவு 14 அடி என்று வைத்துக்கொள்வோம். 29 x 14 = 406. இரண்டு பக்கத்துக்கும் 812 சதுர அடி.

இந்தக் கணக்குத் தெரிந்தால், ‘ஆயிரம் அடிக் கூரை’ என்று ஒருவர் சொல்லும்போது ஏன் என்று கேட்கலாம். ‘ஐந்நூறு அடிதானே’ என்று குறைவாகச் சொல்பவரிடமும் கேட்க வேண்டும். அவர் பாதி வேலையில் சாமான் முடிந்துவிட்டது என்று வந்து நிற்பார்.

பழுதான மரத்தில் நீங்கள் ஏற வேண்டாம். மேசனோ தச்சரோ அளக்கும்போது பக்கத்தில் நின்று, ஒவ்வோர் அளவையும் கொப்பியில் எழுதுங்கள். உடையாத ஓடுகளைக் கீழே அடுக்கி எண்ணுங்கள். எத்தனை புதிய ஓடு தேவை என்பது அதிலிருந்துதான் தெரியும்.

2. கூரையின் ஓரத்தைக் கவனியுங்கள்

மதிப்பீடுகளில் அதிகம் விடுபடுவது கூரையின் ஓரம்தான். தாவாரம், கைமரங்களின் நுனி, அந்த நுனியில் அடிக்கும் பலகை, முகட்டு ஓடு, பீலி ஆகியவை இதில் அடங்கும். காற்று முதலில் தூக்குவது தாவாரத்தை. மழை நீர் முதலில் உக்க வைப்பது கைமரத்தின் நுனியை. தாவாரம் குறுகினால் நீர் சுவரில் வழிந்து அத்திவாரத்தைக் கரைக்கும். 2008 நவம்பரில் வந்த நிஷா புயலின் காற்றையும் மழையையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே கேளுங்கள்: சுவரின் மேலுள்ள வளை சுவரோடு எப்படிப் பிணைக்கப்படும்? தாவாரம் எத்தனை அடி? நுனி உக்கிய கைமரம் மாற்றப்படுமா, ஒட்டுப் போடப்படுமா? பனைமரம் என்றால் வைரம் பாய்ந்த கறுப்பு மரமா? வெள்ளைப் பகுதி சீக்கிரம் உக்கிவிடும்.

3. ஒரே வீட்டுக்கு இரண்டு மதிப்பீடுகள்

மேலே அளந்த வீட்டையே எடுப்போம். கீழுள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையைக் கடையில் விசாரியுங்கள்.

முதலாமவர் ஒரு வரியில் எழுதுகிறார்: ‘கூரைத் திருத்தம் – 72,000 ரூபா.’

இரண்டாமவர் இப்படி எழுதுகிறார்:

- பழைய ஓடு இறக்கி அடுக்கக் கூலி – 9,000
- பழுதான கைமரம் 8 மாற்றுதல், மரமும் கூலியும் – 20,000
- சலாகை 300 அடி, ஆணியுடன் – 15,000
- புதிய ஓடு 250 – 12,500
- ஓடு போடக் கூலி – 14,000
- முகடு 29 அடி, ஓடும் சாந்தும் – 8,000
- தாவாரப் பலகை 58 அடி – 14,500
- மொத்தம் – 93,000

முதலாவது 21,000 ரூபா மலிவு போலத் தெரிகிறது. ஆனால் முதலாமவரிடம் விளக்கம் கேட்டால், ‘புதிய ஓடு, முகடு, பலகை எல்லாம் நீங்கள் தர வேண்டும்’ என்கிறார். அந்த மூன்றுக்கும் 35,000 ரூபா. இப்போது அவருடைய வேலை 107,000 ரூபா ஆகிறது. மலிவாகத் தெரிந்தது 14,000 ரூபா கூடிவிட்டது.

இரண்டாவது பட்டியலை உங்கள் கொப்பியோடு ஒப்பிடவும் முடியும். கூரையின் நீளம் 29 அடி, இரண்டு பக்கம், ஆகவே பலகை 58 அடி. கணக்குச் சரி. முதலாவதில் ஒப்பிட எதுவுமில்லை.

ஒரு வரியில் எழுதுபவர் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். எழுதிப் பழக்கமில்லாத நல்ல வேலைகாரரும் உண்டு. அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, வாசித்துக் காட்டி, இருவரும் கையொப்பம் இடுங்கள்.

4. பணம் கொடுக்கும்போது

- முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். இயன்றால் சாமானை நீங்களே வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.
- மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, ஓடு போட்டு முடிந்ததும் ஒரு பங்கு என்று பேசுங்கள். உதவிப் பணம் வரும் கட்டங்களோடு இது பொருந்த வேண்டும்.
- கடைசியில் பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை வரை வைத்திருக்க முன்கூட்டியே சம்மதம் பெறுங்கள். மழையில் ஒழுகினால் அவர் வந்து பார்ப்பார்.
- கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள்.
- வேலை நடுவில் ஏதாவது கூட்டினால், அதன் விலையை அன்றே பேசி எழுதுங்கள். பேசிய பணத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள். வேலைகாரரும் உங்களைப் போலத் திரும்பி வந்த குடும்பஸ்தராக இருக்கலாம்.

பெண்கள் தனித்து நடத்தும் குடும்பங்களில், விலை பேசும்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர் ஒருவரையோ நம்பிக்கையான அயலவரையோ கூட வைத்திருங்கள். திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் நாளில் மதிப்பீட்டைக் காட்டுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

5. வேலை தொடங்குமுன் கவனம்

கூரையிலோ சுவரிலோ இடிபாட்டிலோ சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வேலையை நிறுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். எரிந்த மரம் வெளியே நல்லதாகத் தெரிந்தாலும் உள்ளே கரியாக இருக்கலாம். உளியால் குத்திப் பாருங்கள். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை உடைக்கவோ அராவவோ வேண்டாம். நீர் தெளித்து நனைத்து முழுதாக இறக்குங்கள். பிள்ளைகளைத் தூர வைத்திருங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

சம்மதிக்குமுன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. அளவுகள் என் கொப்பியோடு பொருந்துகின்றனவா?
2. சாமானும் கூலியும் தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா?
3. முகடு, தாவாரம், பலகை, பீலி சேர்க்கப்பட்டுள்ளனவா?
4. நான் வாங்கித் தர வேண்டியவை எவை? ஏற்றுக்கூலி யாருடையது?
5. எப்போது தொடங்கும், எப்போது முடியும்?
6. ஒழுகினால் யார், எத்தனை நாளில் வந்து திருத்துவார்?

குறைந்தது இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்கி, இந்த ஆறு கேள்விகளையும் இருவரிடமும் கேளுங்கள். அதற்கு இரண்டு மூன்று நாட்கள் போகும். அந்த நாட்கள் வீணல்ல. மாரியில் பிள்ளைகள் நனையாமல் படுப்பது இந்தக் கேள்விகளில் தங்கியிருக்கிறது.