கல்லெழுத்தும் கேமராவும்: களப்பணிக்குத் தக்க கருவி எது?

கல்வெட்டும் ஏட்டுச்சுவடியும் தமிழாய்வின் அடிப்படைச் சான்றுகளாகும். அவற்றைத் தேடிச் செல்லும் மாணவர், மைப்படித் தாளோடு ஒரு கேமராவையும் உடன் கொண்டு செல்லும் காலம் இது. எக்கருவியை வாங்குவது என்பது களப்பணிக்குப் புறப்படுமுன் அவர்கள் தவறாது எழுப்பும் வினா. தொழில்முறைப் பணிக்குப் பெரிய கருவியே தகும், சிறியது உல்லாசப் பயணிகளுக்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அஃது எந்த அளவிற்குப் பொருந்தும் என ஈண்டு ஆராய்வோம்.

இவ்வினா புதியதன்று. 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அலுவலர். 1857ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டுத் திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களை அவர் படமெடுத்தார். படத்தைப் பெரிதாக்கிக் கொள்ளும் வசதி பரவாத காலம் அது; எதிர்ப்படி எவ்வளவு பெரிதோ அவ்வளவே படமும். ஆகவே ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குல அளவுடைய மெழுகுத்தாள் எதிர்ப்படிகளையும், அவற்றுக்கு ஏற்ற பெருங்கருவியையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை அடுத்தடுத்துப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஷ் சென்னைக்கு வந்து கல்வெட்டுப் பணி தொடங்கியது 1886இல் என்பதை நினைத்தால் இம்முயற்சியின் அருமை விளங்கும். ஆனால் 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதனை ஆடம்பரச் செலவு எனக் கருதி நிறுத்திவிட்டார்.

1925இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா இந்நிலையை மாற்றியது. திரைப்படச் சுருளில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் பதிக்கும் அக்கருவி கைக்குள் அடங்குவது. 1950 ஏப்ரல் 14 இரவு இரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் கையாண்டது லைக்காவையே. அசையாததற்குப் பெருங்கருவி, அசைவதற்குச் சிறுகருவி என்ற பாகுபாடு இவ்வாறு அமைந்தது. இன்றைய நிலையில் அப்பாகுபாடு ஏறக்குறையத் தலைகீழாகிவிட்டது என்பதே என் கருத்து.

காரணத்தைக் காண்போம். டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் பெரிய கருவியில், லென்ஸ் வழி வரும் ஒளியைச் சாய்வான கண்ணாடி ஒன்று மேலே திருப்பிப் பார்வைத் துளைக்கு அனுப்பும். 2008இல் வெளிவந்த பானசோனிக் ஜி1 தொடங்கி, அக்கண்ணாடியை நீக்கிய 'மிரர்லெஸ்' கருவிகள் பெருகின. கண்ணாடிக்கு வேண்டிய இடம் மிஞ்சியதால் உடல் மெலிந்தது. ஆயினும் உடலின் அளவு வேறு, உள்ளிருக்கும் சென்சாரின் அளவு வேறு. 2013இல் வந்த சோனி ஏ7 உடலால் சிறியது. சென்சாரோ பழைய பிலிமின் முழு அளவு. கடைக்காரர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்குவதில்லை.

இனி, கணக்கிட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் படத்தில் குறுக்கே 6000 புள்ளிகள் உண்டு. இரண்டு மீட்டர் அகலமுள்ள கல்வெட்டுப் பகுதியை ஒரே படத்தில் எடுத்தால் மில்லிமீட்டருக்கு 3 புள்ளிகள் அமையும். மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள வட்டெழுத்து 90 புள்ளிகளில் பதியும். படிக்க இது போதும். நாற்பது சென்டிமீட்டர் நீள ஓலைக்கு மில்லிமீட்டருக்கு 15 புள்ளிகள் கிடைக்கும். அரபுத்தமிழ்ச் சுவடிகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அரபு எழுத்துகள் பலவற்றைப் பிரித்தறியப் புள்ளிகளே துணை. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்கவும் முன்னோர் புள்ளிகளைக் கூட்டினர். ஒரு புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். அத்தகைய ஏட்டைப் பக்கத்தின் பாதிப் பாதியாக எடுத்தல் நன்று. சிறிய கருவியிலும் பெரிய கருவியிலும் இந்த 24 மெகாபிக்சல் கிடைக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

பெரிய சென்சாரின் உண்மையான சிறப்பு, குறைந்த ஒளியில் படம் துகள் துகளாகச் சிதையாமல் இருப்பது. ஆனால் கல் அசைவதில்லையே! முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைச் சில நொடிகள் திறந்து வைத்தால் சிறிய சென்சாரும் இருட்டு மண்டபத்தில் தெளிவாகப் பதியும். எனவே களப்பணியாளர் கருவியில் மிச்சப்படுத்திய பணத்தை உறுதியான முக்காலியிலும், அண்மையில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸிலும் இடுவது அறிவுடைமை. கருவியோடு ஒட்டிய பிளாஷ் வேண்டாம். எழுத்தின் பள்ளத்தை அது நிரப்பிவிடும். விளக்கைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும்.

சிதறால் மலைக்குச் சென்றவர்கள் எடையின் பொருளை அறிவர். சரிவான பாதையில் ஏறி, பாறைமேல் உள்ள சமணச் சிற்பங்களையும் வட்டெழுத்துகளையும் காண்பதற்குள் தோள் வலிக்கும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலி வைக்க முன் அனுமதி பெறுதல் வேண்டும். தக்கலையில் பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஓதும் இரவு வேறு வகையானது. அங்கே ஷட்டரின் ஓசையே இடையூறு. ஓசையற்ற மின்னணு ஷட்டர் மிரர்லெஸ் கருவியின் கொடை. எனினும் சில மின்விளக்குகளின் கீழ் அதில் கோடுகள் விழுவதுண்டு, முன்னரே சோதித்துக்கொள்க.

திருமண ஒளிப்படத்தையே தொழிலாகக் கொள்வோர் நிலை மாறுபட்டது. அசையும் மணமக்கள், மங்கிய மண்டப விளக்கு, மறுமுறை நிகழாத நிகழ்ச்சி ஆகிய மூன்றும் கூடும் இடம் அது. முழு அளவுச் சென்சார், ஒரே படத்தை இரு மெமரி கார்டுகளில் பதியும் வசதி, கனத்த லென்ஸைத் தாங்கும் பிடி ஆகியன அவர்க்கு இன்றியமையாதவை. டி.எஸ்.எல்.ஆர். ஒரு பேட்டரியில் ஓடும் நேரத்தில் பாதிகூட மிரர்லெஸ் பலவற்றில் கிட்டுவதில்லை. (பெரிய கேமராவைக் கண்டால்தான் பெண்வீட்டாருக்கு மனநிறைவு என்பது தனிக்கதை.)

நம் மாவட்டத்திற்கே உரிய ஒரு கூறும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்குப் பெய்கின்றன. குளச்சலிலும் குமரியிலும் காற்றில் உப்பு கலந்திருக்கும். மிரர்லெஸ் கருவியில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் பெரும்பாலும் வெளியே தெரியும். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டிற்கு வந்ததும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். தோல் உறையிலேயே விட்டுவைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும்.

திருப்பணியின்போது மணல்வீச்சிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் எழுத்துகள் அழிகின்றன. பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கையில் மீசான் கற்கள் இடம்பெயர்கின்றன. பெரிய கருவி வாங்கப் பணம் சேரட்டும் என்று காத்திராமல், துறைக்கு ஒரு சிறிய மிரர்லெஸ், ஒரு மேக்ரோ லென்ஸ், ஒரு முக்காலி ஆகியவற்றை இவ்வாண்டே வாங்கலாம். படமெடுக்கும்போது கல்லின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்து, ஊர், இடம், நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி முதற்படமாக எடுத்துக்கொள்ளுங்கள்.