மருத்துவச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பாட்டி ஒன்பது பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றதைச் சொல்லி, “எதற்கெடுத்தாலும் ஆபரேஷன் என்கிறார்களே, அந்தக் காலமே மேல் இல்லையா?” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். ஆனாலும் அந்தக் காலம் மேல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று வீட்டுப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் கைத்தேர்ச்சி சாமானியமானதல்ல. வயிற்றைத் தடவியே பிள்ளையின் தலை எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடுவார். பொய் வலி எது, பிரசவ வலி எது என்பது அவருக்குத் தெரியும். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடிக்கச் சொல்லிக் குந்தவைத்து, இடுப்பைத் தாங்கியபடி விடிய விடியக் கூடவே இருப்பார். இன்று பிரசவ அறையில் பல பெண்களுக்குக் கிடைக்காதது அந்தத் துணைதான்.

ஆனால் பிள்ளை பிறந்தபின் உதிரம் நிற்காமல் போனால், அதை நிறுத்த அவரிடம் மருந்து கிடையாது. தொப்புள்கொடியை அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ அறுத்தார்கள். அறுத்த இடத்தில் சாம்பலோ சாணியோ வைப்பதும் உண்டு. ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி அந்த வழியாகத்தான் ஏறியது. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு ஒரு வாரத்துக்குள் வாய் திறக்காது, உடம்பு வில்லாக விறைக்கும். காத்து கருப்பு என்று மந்திரிக்க ஓடுவார்கள். கர்ப்பிணிக்குத் தடுப்பூசியும் ஒரு புதுப் பிளேடும் இருந்திருந்தால் அப்படி இறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். பச்சிளங்குழந்தை ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015இல்தான்.

இதற்கெல்லாம் மருத்துவச்சியைக் குற்றம் சொல்வது அநியாயம். அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள்? நம் கிராமங்களில் இந்த வேலை பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண்களின் தலையில்தான் விழுந்தது. நடுச்சாமத்தில் ஓடிப்போய் அழைத்து வந்தவர்களே, காரியம் முடிந்ததும் தீட்டு என்று அவரை எட்டி நிற்க வைத்தார்கள். கூலி கொஞ்சம் நெல்லும் ஒரு பழைய புடவையும். பிறந்தது பெண் என்றால் அதிலும் குறைப்பார்கள். ஊரின் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவர்களை ஊர் நடத்திய லட்சணம் இது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

உங்கள் மகளின் பிரசவத்தை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களோ, அவள் விரும்பும் வேறொரு பெண்ணோ கூட இருக்க அனுமதி கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்கு வழி உண்டு. உங்கள் ஊரில் பழைய மருத்துவச்சி யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.